அயலான் கணக்கு

எரிகோவுக்குப் போகும் வழியிற் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனின் கதையைக் கேளாத கிறிஸ்தவர் இலர். கிறிஸ்தவரல்லாதாரிலும் பள்ளிக்கூட வாசகப் புத்தகங்களின் வாயிலாக அதனை அறிந்தோர் பலர். ஆசாரியன் கண்டும் விலகிப் போனான். லேவியனும் விலகிப் போனான். யூதர் இழிவாகக் கருதிய சமாரியன் ஒருவனே நின்றான். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் இக்கதையைப் பிரசங்கிமார் எடுத்துரைக்கும்போது எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டிய காட்சியிற் குரல் தழதழக்க நிற்பர். கேட்போர் கண்ணும் கலங்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாட் காலையிற் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசுகளை எண்ணிக் கொடுக்கிறான். ஒரு வெள்ளிக்காசு அக்காலத்திற் கூலியாள் ஒருவனுக்கு ஒரு நாட்கூலி. அதற்கு மேற்படும் செலவைத் தான் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவும் பொறுப்பேற்கிறான். அதாவது, கணக்கை முடித்துக் கைகழுவாமல், அதனைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தன் வழியே போகிறான்.

அயலானை நேசித்தல் கிறிஸ்தவனின் கடமை என்னும் பொருள் பற்றி எழுந்த இலக்கியம் மிகப் பெரிது. அதிற் பெரும்பகுதி எண்ணெயும் திராட்சரசமுமேயாம். சத்திரக்காரனின் கணக்கை நினைவில் வைத்திருந்த எழுத்தாளர் மிகச் சிலர். அவர்களுள் முதல்வராகக் கொள்ளத்தக்கவர் லியோ டோல்ஸ்டோய் என்பதும், 1895ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எசமானனும் வேலைக்காரனும்’ என்னும் அவரது நெடுங்கதை அக்கணக்கின் கதையே என்பதும் எமது துணிபு. இக்கதையைப் பக்தரும் தவறாகவே வாசித்து வந்துள்ளனர். நம்மவராகிய முற்போக்காளரும் தவறாகவே வாசித்து வந்துள்ளனர். இரு சாராரும் ஒரே பக்கங்களைத் தாண்டிச் செல்வதுதான் வியப்பு.

கதைக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டியுள்ளது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அயலானைக் குறிக்க வரும் சொல் ‘பிறன்’ என்பது. பிறனில் விழையாமை என வள்ளுவர் அதிகாரம் வகுத்தபோது கையாண்ட அதே சொல் அது. தானல்லாத எவனும் பிறனே. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ ‘அடுத்திருப்பவர்’ என்கிறது. ரஷ்ய மொழியில் வழங்கும் சொல்லுக்கும் நேர்ப்பொருள் அருகிலிருப்பவன் என்பதே. வேறுபாடு அற்பமானதாகத் தோன்றலாம், ஆயினும் அற்பமானதன்று. பிறனை நேசிப்பதற்கு இடம் தாராளமாக உண்டு. கடல் கடந்தும் நேசிக்கலாம். முகம் காணாமலும் நேசிக்கலாம். அடுத்திருப்பவன் அத்தகையவன் அல்லன். இரவில் அவன் இருமுவது நமக்குக் கேட்கும். மாத முடிவில் அவன் நம்மிடம் கூலி கேட்பான்.

இந்த அருகாமையின் சங்கடத்தை ரஷ்ய இலக்கியத்தில் ஈவிரக்கமின்றிப் பேசியவன் டொஸ்டோயெவ்ஸ்கி படைத்த இவான் கரமசோவ். 1879லும் 1880லும் தொடராக வெளிவந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில், உணவுச்சாலை ஒன்றில் தம்பி அலியோஷாவுடன் பேசிக்கொண்டிருக்கும் இவான், மனிதனால் நேசிக்கவே முடியாதவன் அருகிலிருப்பவன்தான் என்று வாதிடுகிறான். அதற்கு அவன் எடுத்துக்காட்டுவது ஒரு புனிதரின் கதை. பசியிலும் குளிரிலும் விறைத்து வந்த வழிப்போக்கன் ஒருவனை அப்புனிதர் தம் படுக்கையிற் கிடத்தி, இறுகத் தழுவி, நோயால் நாற்றமெடுத்த அவன் வாயினுள் தமது மூச்சை ஊதிச் சூடேற்றினாராம். இதனை இவான் போற்றவில்லை. கடமையென விதிக்கப்பட்டதால் வலிந்து வரவழைத்த அன்பு அது, ஆகவே பொய் என்கிறான். கிறிஸ்தவத்தின் தலையாய கட்டளையின் மீது வீசப்பட்ட கூரிய கேள்வி இது. நேசி என்று கட்டளையிட முடியுமா? கட்டளைக்குப் பணிந்து பிறப்பது நேசமாகுமா?

மடத்துப் பெரியவர் சொசிமாவின் வாயிலாக டொஸ்டோயெவ்ஸ்கி விடை தர முயல்கிறார். செயலிலிறங்கும் அன்பு பொறுமையும் உழைப்பும் வேண்டிநிற்பது, பழகப் பழக வருவது என்பது அவ்விடையின் சாரம். நல்ல விடைதான். ஆயினும் கேள்வியும் விடையும் தழுவுகின்றவனின் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தழுவப்பட்டவன் ஏன் குளிரில் நின்றான் என்பது இவ்விடத்தில் எவர்க்கும் தோன்றவில்லை. அதே அத்தியாயத்திற் சிறிது தள்ளி, பண்ணையடிமைச் சிறுவன் ஒருவன் மீது வேட்டைநாய்களை ஏவிவிட்ட தளபதியின் கதையை இவான் சொல்கிறான் என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. எனினும் அச்சிறுவனும் கடவுளுக்கெதிரான வழக்கில் ஒரு சாட்சியாகவே நிறுத்தப்படுகிறான். தளபதிக்கெதிரான வழக்கு நடைபெறுவதில்லை.

டோல்ஸ்டோய் அதே கேள்விக்கு வேறொரு வாசலால் வந்தார். 1882 ஜனவரியில் மொஸ்கோ நகரிற் குடிசன மதிப்பீடு நடைபெற்றது. மூன்று நாள் வேலை. டோல்ஸ்டோய் தாமே விரும்பி, வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதியொன்றைக் கேட்டுப் பெற்றார். எண்ணும் சாக்கில் ஏழைகளைக் கண்டறிந்து, செல்வர்களிடம் பணம் திரட்டி, அவர்களைக் கைதூக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். பணம் தருவதாகச் செல்வர் பலரும் வாக்களித்தனர். முடிவில் அவர் கையில் உண்மையாகச் சேர்ந்தது 37 ரூபிள். அதுவும் மதிப்பீட்டு வேலைக்கென அவருக்கும் மாணவர்களுக்கும் கிடைத்த ஊதியத்திலிருந்து வந்தது. அந்த 37 ரூபிளைத் தக்கவர்க்குக் கொடுத்து முடிப்பதற்கே அவர் திண்டாடிப் போனார். இவ்வநுபவத்தைப் பின்னர் 1886இல் முடிவுபெற்ற ‘அப்படியாயின் நாம் செய்யவேண்டியது யாது?’ என்னும் நூலில் விரித்தெழுதினார். தணிக்கை அதிகாரிகள் அதனை அச்சேற விடவில்லை. அது ஆச்சரியமன்று, செல்வன் ஏழையைச் சுமக்கவில்லை, ஏழையின் முதுகிலேயே அவன் அமர்ந்திருக்கிறான் என்பதை அந்நூல் பக்கத்துக்குப் பக்கம் நிறுவிச் செல்கிறது.

அந்நூலில் ஓரிடம். மரம் அறுக்கும் கூலியாட்களுடன் டோல்ஸ்டோயும் சேர்ந்து மரம் அறுத்துவந்த நாட்கள். ஒரு மாலை அவர்களுடன் நகருக்குத் திரும்புகையில் கிழவன் ஒருவன் கையேந்துகிறான். செம்யோன் என்னும் கூலியாள் மூன்று கொப்பெக் நாணயமொன்றைக் கொடுத்து, இரண்டு கொப்பெக் மீதி கேட்கிறான். கிழவனிடம் சரியான சில்லறை இல்லை. செம்யோன் சற்றே யோசித்து, தொப்பியை எடுத்துச் சிலுவை அடையாளமிட்டு, மூன்றையும் விட்டுவிட்டுப் போகிறான். டோல்ஸ்டோய் கொடுத்தது இருபது கொப்பெக். பார்ப்பவனுக்குப் பிரபுவே அதிகம் கொடுத்தவர். ஆனால் செம்யோனின் சேமிப்பு முழுவதும் ஆறரை ரூபிள் என்பதை டோல்ஸ்டோய் அறிவார். தமது சொத்தின் மதிப்பு ஆறு இலட்சம் ரூபிள் என்பதையும் அறிவார். உடனே கணக்குப் போடுகிறார். செம்யோனுக்கு நிகராகத் தாம் கொடுப்பதாயின் மூவாயிரம் ரூபிளை நீட்டி, இரண்டாயிரம் மீதி கேட்டு, மீதி இல்லையென்றால் மூவாயிரத்தையும் விட்டுவிட்டுச் சிலுவை அடையாளமிட்டுக்கொண்டு நடந்திருக்கவேண்டும்! பாவசங்கீர்த்தனம் செய்தோர் உலக இலக்கியத்தில் அநேகர். தம் பாவத்தை இவ்வாறு விகிதசமன் முறையிற் கணக்கிட்டுக் காட்டியோர் அரியர்.

இந்தக் கணக்குப் புத்தி அவரது பொதுமக்கள் கதைகளிலும் உண்டு. ‘மனிதர் எதனால் வாழ்கின்றனர்’ என்ற 1881ஆம் ஆண்டுக் கதையில் வரும் சப்பாத்துத் தொழிலாளிக்கும் செம்யோன் என்றே பெயர். மனைவியின் பெட்டியில் மூன்று ரூபிள். ஊராரிடமிருந்து வரவேண்டிய கடன் ஐந்து ரூபிள் இருபது கொப்பெக். அதை வசூலிக்கப் போனவனுக்குக் கிடைத்தது இருபது கொப்பெக். அதையும் அவன் குடித்துவிடுகிறான். திரும்பும் வழியில் நிர்வாணமாகக் கிடக்கும் மனிதனைக் கண்டு முதலில் அஞ்சி விலகி நடக்கிறான். பின்னரே திரும்பி வருகிறான். லேவியனும் சமாரியனும் ஒரே ஆளுக்குள் இருபது முப்பது அடி தூரத்தில் மாறிப்போவதைக் காட்டிய இவ்விடம் மேதையின் கைவரிசை. ஆனால் கிடந்தவன் தேவதூதன் என்று கதை முடிகிறது. சிறகு விரிந்தவுடன் ஐந்து ரூபிள் இருபது கொப்பெக் மறைந்துவிடுகிறது. அக்கடன் வசூலாகியிருந்தால் செம்யோன் ஆட்டுத்தோல் வாங்கியிருப்பான், அவன் குடும்பம் குளிரில் நடுங்கியிராது என்ற சங்கதியை ஆசிரியர் மறக்கிறார், அல்லது நம்மை மறக்கச் செய்கிறார்.

‘எசமானனும் வேலைக்காரனும்’ கதையில் தேவதூதர் எவரும் இல்லர். கனவில் ஒருவர் வந்து அழைப்பதோடு சரி. கதை நடப்பது 1870களின் மாரிக்காலம் ஒன்றில், புனித நிக்கொலஸ் திருநாளுக்கு மறுநாள். வசீலி பிரெகுனோவ் ஒரு கிராமத்து வியாபாரி, கோயில் மூப்பனுங்கூட. (அவன் குடும்பப் பெயரிற் பொய்யன் என்னும் பொருள்படும் ரஷ்யச் சொல் மறைந்து கிடக்கிறது, டோல்ஸ்டோய் இவ்வாறான விளையாட்டுகளை அதிகம் ஆடுபவர் அல்லர்.) அயலூர்ப் பிரபுவின் காடொன்றை அதன் உண்மை மதிப்பில் மூன்றிலொரு பங்குக்கு வாங்கிவிட அவன் துடிக்கிறான். தன் பணம் 700 ரூபிளுடன், தன் பொறுப்பிலிருந்த கோயிற் பணம் 2,300 ரூபிளையும் சேர்த்து மடியில் முடிந்துகொண்டு, பனி கொட்டும் பொழுதிற் புறப்படுகிறான். கூடப் போகிறவன் ஐம்பது வயது வேலைக்காரன் நிக்கீத்தா.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். நிக்கீத்தாவைப் போன்ற வேலையாளுக்கு ஆண்டுக்கு எண்பது ரூபிள் கொடுப்பது நியாயம். பிரெகுனோவ் கொடுப்பதோ ஏறக்குறைய நாற்பது. அதுவும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. சிறுசிறு தொகையாக, பெரும்பாலும் காசாகவுமன்றித் தன் கடைச் சாமானாக, அதுவும் கூடிய விலைக்கு. திருநாளுக்கு முன் நிக்கீத்தாவின் மனைவி வந்து மூன்று ரூபிள் பெறுமதியான மா, தேயிலை, சீனி, மதுவும், காசாக ஐந்து ரூபிளும் பெற்றுப் போகிறாள். அவர்களுக்கு வரவேண்டியது மிகக் குறைந்தது இருபது ரூபிள். ஆயினும் பெரிய உபகாரம் பெற்றவளைப்போல் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். ஏழு ரூபிள் பெறாத குதிரையொன்றை இருபத்தைந்து ரூபிளுக்கு நிக்கீத்தாவின் தலையிற் கட்டவும் எசமானன் பார்க்கிறான். இவையெல்லாம் முதற் சில பக்கங்களில், எவ்வித ஆத்திரமுமின்றி, கடைப் பற்றுவரவு எழுதும் குமாஸ்தாவின் நிதானத்தோடு சொல்லப்படுகின்றன.

ஆனால் ஆசிரியரின் மேதை வெளிப்படுவது இத்தொகைகளில் அன்று. எசமானன் அவற்றுக்குக் கொடுக்கும் விளக்கத்தில். நமக்குள் ஒப்பந்தம் எழுதினோமா, மற்றவர்களைப்போல் நான் கணக்கும் தண்டமும் பார்ப்பவனா, வேண்டியபோது எடுத்துக்கொள், நீ எனக்கு உழைக்கிறாய், நான் உன்னைக் கைவிடேன் என்ற போக்கில் அவன் பேசுகிறான். தான் நிக்கீத்தாவின் உபகாரி என்று அவன் மெய்யாகவே நம்புகிறான். ஏமாற்றுகிறவனின் நடிப்பன்று இது. அன்பு இருக்குமிடத்திற் கணக்கு எதற்கு என்ற மொழியைப் பேசுகிறவன் இங்கு கொள்ளையடிக்கிறவனே! நிக்கீத்தாவுக்கு எல்லாம் விளங்குகிறது. தான் ஏமாற்றப்படுவது தெரியும். கணக்குக் கேட்டுப் பயனில்லை என்பதும், வேறிடம் கிடைக்கும்வரை கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதும் தெரியும். அவனது பணிவைக் கிறிஸ்தவச் சாந்தம் என்று வியந்தெழுதியோர் இந்த இரண்டு வரியை மறுபடி வாசிக்கவேண்டும். அது சாந்தமன்று, வேலையற்றுப் போவேனோ என்ற அச்சம் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார்.

பயணத்தின் விவரங்களை விரிக்க வேண்டியதில்லை. இருமுறை வழி தவறி ஒரே கிராமத்துக்கு வந்து சேர்கின்றனர். தங்கிப் போகும்படி அங்குள்ளோர் வேண்டியும், காடு வேறெவர் கைக்கும் போய்விடும் என்ற பதைப்பில் எசமானன் மீண்டும் புறப்படுகிறான். இரவிற் பள்ளமொன்றிற் சறுக்குவண்டி நின்றுபோகிறது. தடித்த தோலங்கிகளுக்குள் படுத்திருக்கும் பிரெகுனோவ் காட்டு மரங்களின் விலையைக் கணக்கிடுகிறான். கிழிந்த அங்கியோடு பனியிற் கிடக்கும் நிக்கீத்தா சாவை எண்ணுகிறான். பின்பு எசமானன் செய்வதுதான் கதையின் இருண்ட மையம். வேலைக்காரனைச் சாகவிட்டு, குதிரையேறித் தான் மட்டும் தப்ப முயல்கிறான். பனிக்கு மேலே தலைநீட்டி நின்று காற்றில் அடிபடும் களைச்செடி ஒன்றைக் கண்டு, சுற்றிச் சுற்றி மீண்டும் அதே செடியிடம் வந்து, திகிலில் உறைந்து போகிறான். புனித நிக்கொலஸை அழைக்கிறான். கோயிலில் அப்புனிதரின் படத்துக்கு முன் ஏற்றவெனத் தான் விற்ற மெழுகுதிரிகளும், அரைகுறையாக எரிந்த அவை உடனே தன் பெட்டிக்குத் திரும்பி வந்ததும் நினைவுக்கு வருகின்றன. அப்படமும் திரியும் குருவும் பூசையும் கோயிலுக்குள் முக்கியமானவையாய் இருக்கலாம், இங்கே ஒன்றுக்கும் உதவா என்பது அவனுக்குத் தெளிவாகிறது. 1901இல் ரஷ்யத் திருச்சபை டோல்ஸ்டோயை விலக்கி வைத்தது. அதற்குக் காரணங்கள் வேறு பல கூறப்பட்டன என்றாலும், அந்த மெழுகுதிரிப் பெட்டியைத் திருச்சபை எளிதில் மன்னித்திருக்குமென நாம் நம்பவில்லை.

குதிரை அவனைச் சறுக்குவண்டியிடமே கொண்டுவந்து விடுகிறது. நிக்கீத்தா சாகும் தறுவாயிற் கிடக்கிறான். எசமானனிடம் அவன் சொல்வது என்ன? தனக்கு வரவேண்டிய கூலியை மகனிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடும்படி கேட்கிறான். பனிப்புயலின் நடுவே, மரணத்தின் வாயிலில், கதை மறுபடியும் கணக்குக்குத் திரும்புகிறது. பிரெகுனோவ் அரை நிமிடம் அசையாது நிற்கிறான். பிறகு நல்ல பேரமொன்று படிந்ததும் கையடித்து முடிக்கும் வியாபாரியின் அதே உறுதியோடு, சட்டைக் கையை மடித்துவிட்டு, நிக்கீத்தாவின் மேலிருந்த பனியை வாரி எறியத் தொடங்குகிறான். அங்கியைத் திறந்து அவன்மேற் படுத்துத் தன் உடற்சூட்டைக் கொடுக்கிறான். விடியும்போது எசமானன் இறந்து கிடக்கிறான். குதிரையும் நின்றபடியே இறந்துவிட்டது. அடியிற் கிடந்த நிக்கீத்தா உயிரோடிருக்கிறான்.

இவான் கரமசோவ் பொய்யென ஒதுக்கிய அதே செயல் இது: குளிரில் விறைத்தவனைத் தன் உடலாற் சூடேற்றுதல். டோல்ஸ்டோய் அதனைப் பொய்யின்றி நடத்திக் காட்டியிருக்கிறார். எவ்வாறு? கடமையுணர்ச்சி என்பதைக் கதாபாத்திரத்தின் உள்ளத்திலிருந்து அடியோடு அகற்றியதன் மூலம். பிரெகுனோவுக்கு அந்நேரம் எந்தக் கட்டளையும் ஞாபகத்தில் இல்லை. தன் சாமர்த்தியத்தைப் பற்றிய பழைய பெருமையடிப்புக்கூட அவனைவிட்டுப் போகவில்லை. அதே வியாபாரிதான், அதே கைகள்தாம், சரக்கு மாத்திரம் வேறு. மனமாற்றக் கதைகளில் வழக்கமாக வரும் தன்னைப் பழித்தல் சேர்ந்திருந்தால் கதை அவ்விடத்தில் இறந்திருக்கும். தானும் நிக்கீத்தாவும் ஒருவரே, அவன் உயிர் தன் உயிரே என்று அவன் உணரும் அந்தக் கணத்தை வாசித்து அசையாதவர் எந்த முகாமில் இருந்தாலும் அவரை இலக்கிய விமர்சகர் என்று அழைக்க நமக்கு மனம் வராது.

பக்தியுடையோர் இக்கணத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அவர்களுக்கு இது சமாரியன் கதையின் மறுபதிப்பு: அயலானுக்காக உயிரைக் கொடுத்தவன் எசமானன். நம் தோழர் சிலரோ இதே கணத்தைக் காட்டி, பண்ணையார் வர்க்கத்தின் குற்றவுணர்ச்சி சமய மயக்கத்திற் கரைவதற்கு உதாரணம் என்று தள்ளிவிடுகின்றனர். 1908இல் லெனின் டோல்ஸ்டோயை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடி என்று எழுதிய கட்டுரையை இவர்கள் துணைக்கு அழைப்பதும் உண்டு. அக்கட்டுரையின் உயிரே டோல்ஸ்டோயின் முரண்பாடுகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதிலிருக்கிறது. ஒரு கையிற் கலைஞனையும் மறு கையில் உபதேசியையும் பிரித்தெடுத்து, உபதேசியைக் குப்பையில் எறிவதற்கு அது அநுமதிச்சீட்டு அன்று. இங்கோ இன்னும் எளிய தவறு நேர்கிறது. கதையின் தொடக்கத்திலுள்ள நாற்பது ரூபிளையும், முடிவிலுள்ள இருபது ஆண்டுகளையும் இரு சாராரும் வாசிப்பதில்லை.

அந்த இருபது ஆண்டுகளுக்கு வருமுன் ஒரு வார்த்தை. டோல்ஸ்டோயின் மீது நமக்கும் ஒரு முறைப்பாடு உண்டு. நிக்கீத்தாவுக்கு இந்தக் கதையில் எசமானனை நேசிக்கவோ வெறுக்கவோ இடமே வைக்கப்படவில்லை. நேசிக்கும் கடமையும் நேசிப்பதன் இன்பமும் எசமானனுக்கே சொந்தம். வேலைக்காரன் அந்நேசம் வந்து விழுகின்ற இடம் மாத்திரம். தன் மேலே ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கையில் அவன் உறங்குகிறான். விழித்து, தான் இன்னும் இவ்வுலகிலேயே இருப்பதை அறிந்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தமே கொள்கிறான். இவ்விவரம் உண்மையானது, அபாரமானது. ஆயினும், செம்யோனின் மூன்று கொப்பெக்கைக் கண்டு தலைகுனிந்த ஆசிரியர், இக்கதையிற் கொடுக்கும் உரிமையை மீண்டும் உடையவனிடமே ஒப்படைத்துவிட்டார் என்ற குறையை நாம் சொல்லாது விட முடியாது. ஊழியனின் உடற்சூட்டால் எசமானன் பிழைத்திருந்தால் அது கதையே ஆகியிராது என்று சிலர் கூறலாம். உண்மைதான், நாடோறும் நடப்பது கதையாவதில்லை.

கதைக்கு வெளியிலும் இதே முடிச்சு அவரை விடவில்லை. பிச்சையிடுவதாற் பயனில்லை என்று நூல் எழுதியவர், 1891இற் பஞ்சம் வந்தபோது ரியாசான் மாகாணத்துப் பெகிச்செவ்கா கிராமத்துக்குச் சென்று தங்கி, பணம் திரட்டி, இலவசக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தார். அவை இருநூறுக்கும் மேலாகப் பெருகின. ஆயிரக்கணக்கானோர் அவற்றில் உண்டனர். மக்களை உண்டு வாழ்கிறவர்கள் மக்களுக்கு ஊட்டுவதாகச் சொல்வது வேடிக்கை என்பதை அவர் அறிந்தே இருந்தார். அறிந்துகொண்டே அகப்பையையும் பிடித்தார். அந்தப் பஞ்சத்துக்கும் இந்தக் கதைக்குமிடையே சில ஆண்டுகளே உள்ளன. உடனடியாகச் சூடு கொடுக்கவேண்டியவன் ஒருவன் முன்னே கிடக்கும்போது, சமூக அமைப்பின் ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்க இயலாது என்பதை அவர் அங்கே கற்றார். அதே வேளை, சூடு கொடுத்ததாற் பழைய பாக்கி தீர்ந்ததென்று எழுதவும் அவருடைய பேனா மறுத்துவிட்டது.

ஏனெனில், நிக்கீத்தாவின் கூலி கொடுக்கப்பட்டதா என்பது பற்றி இக்கதை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. எசமானனின் மடியிலிருந்த மூவாயிரம் ரூபிள் என்னவாயிற்று, கோயிற் பணம் கோயிலுக்குப் போயிற்றா, விதவை பழைய கணக்கை ஒப்புக்கொண்டாளா, ஒன்றும் தெரியாது. சமாரியன் திரும்பி வருவதாகச் சொல்லிக் கணக்கைத் திறந்து வைத்துப் போனான். பிரெகுனோவ் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விட்டான். ஏட்டில் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. நமக்குள் கணக்கு எதற்கு என்று அவன் முன்பு சொன்னது அவன் சாவுக்குப் பின்னும் செல்லுபடியாகிறது. கோயிலுக்கும் கடைக்கும் காட்டுக்கும் கணக்கு வைத்திருந்த மனிதன் கணக்கு வைக்காத ஒரே ஆளுக்காக உயிரை விட்டான் என்பதில் உள்ள கசப்பை டோல்ஸ்டோய் தற்செயலாக எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் குடியானவர்கள் பனியைத் தோண்டி அவர்களை எடுத்தார்கள். அவர்கள் கிடந்த இடம் ஊருக்கும் வீதிக்கும் வெகு அருகில். நிக்கீத்தா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியிற் கிடந்தான். மூன்று கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள். மற்றவை தேறிவிட்டபடியால் வேலை செய்ய முடிந்தது. மேலும் இருபது ஆண்டுகள் அவன் உயிர்வாழ்ந்தான்: முதலிற் பண்ணைக் கூலியாளாக, முதுமையிற் காவற்காரனாக. எத்தனையோ பக்கங்களை ஓர் இரவுக்குக் கொடுத்த ஆசிரியர் இந்த இருபது ஆண்டுகளையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். கடைசியில் நிக்கீத்தா தன் வீட்டிலேயே, தான் விரும்பியவாறு, புனிதர் படங்களின் கீழே, எரியும் மெழுகுதிரியைக் கையிற் பிடித்தபடி இறக்கிறான். சாகுமுன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான்; அவளையும் மன்னிக்கிறான். தனக்குச் சோறு போடும் பாரத்திலிருந்து மகனும் மருமகளும் விடுபடப் போகிறார்களே என்று அவனுக்கு மெய்யான மகிழ்ச்சி.